கடிகாரத்துக்குக் காட்டாத வேகம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு விளம்பரம் வந்து விழுந்தது. ஏழு வயது இருக்கும், ஒரு குழந்தை ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறது. கீழே கொட்டை எழுத்தில், 'உங்கள் குழந்தைக்குள் ஒரு ரேஸ் டிரைவர் இருக்கிறாரா? ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துச் சொல்கிறோம். இலவசத் திறமைத் தேர்வு.' நான்காம் மாடிக்காரர் உடனே கைகூப்பும் பொம்மை போட்டார். மூன்றாம் மாடியில் ஒருவர், தன் பெண்ணுக்கு ஐந்து வயதுதான் ஆகிறது, சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து நிமிடத்தில் ஒரு படி அரிசிகூட ஊறாது. ஒரு பிள்ளைக்குள் யார் இருக்கிறார் என்று எப்படித் தெரிந்துவிடும்?

குழுவில் நீளமாக ஒரு பதில் அடிக்க ஆரம்பித்தேன். பாதியில் வீட்டுக்காரி எட்டிப்பார்த்துவிட்டு, "ஏனுங்க, காலங்காத்தால யாரோட சண்டை" என்றாள். அழித்துவிட்டேன். எழுத்துத்தான் அழிந்தது, எரிச்சல் அழியவில்லை. சாயங்காலம் டிவியில் கார் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். திரையில் ஒரு இளைஞன் பத்தாவதோ பதினோராவதோ போய்க்கொண்டிருந்தான். "போன வருசம் நல்லா ஓட்டுனானுங்க. இப்ப ஃபார்ம் போயிருச்சு. தூக்கீருவாங்க" என்றார், மிக்சரை வாயில் போட்டுக்கொண்டே.

ஃபார்ம் போய்விட்டதாம். பஸ்ஸில் எங்கேயோ தவறவிட்ட குடையா அது? வண்டி மாறியிருக்கும், டயர் மாறியிருக்கும், பின்னால் நின்று பேசுகிறவர்கள் மாறியிருப்பார்கள். போன வருஷம் ஓடின அதே கையும் காலும்தான் இந்த வருஷமும் ஓடுகிறது. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. மிக்சர் அவருடையது. ஆனால் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் ஃபார்ம் பார்த்து ஆள் பொறுக்கினவன். பனியன் ஊரில் குப்பை கொட்டுகிறவனுக்குக் கார் பந்தயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதைத்தான் இத்தனை வருஷமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டிப்ளமா முடித்துவிட்டுப் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தேன். வேலைக்குப் பெயர் பெரிது, இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர். சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது நெஞ்சு ஓர் அங்குலம் நிமிரும். செய்தது என்னவென்றால், ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு பரீட்சை அட்டை, ஒரு பென்சில். இதை வைத்துக்கொண்டு தையல் லைனில் ஒவ்வொரு டெய்லரின் முதுகுக்குப் பின்னாலும் போய் நிற்க வேண்டும். ஒரு பீஸைக் கையில் எடுத்ததிலிருந்து தைத்துக் கீழே போடுகிறவரை எத்தனை வினாடி என்று குறிக்க வேண்டும். பத்து பீஸ் பார்த்துச் சராசரி எடுத்தால் அதிலிருந்து மணிக்கு இத்தனை என்று டார்கெட் வந்துவிடும். அதைக் கம்பெனி போர்டில் எழுதிப்போடும். ஷிப்டுச் சம்பளம்தான், கூடுதலாகத் தைத்தால் கூடுதல் காசு கிடையாது, குறைந்தால் மட்டும் சூப்பர்வைசர் வந்து நிற்பார்.

லைனில் எனக்கு வைத்திருந்த பெயர் 'வாட்ச்சு'. "வாட்ச்சு வருது" என்று முதல் மிஷினில் ஒரு முணுமுணுப்புக் கிளம்பினால், நான் மூன்றாவது மிஷினைத் தாண்டுவதற்குள் அது கடைசி மிஷினுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. நான் பின்னால் போய் நின்றதும் டெய்லர்களின் கை அப்படியே ஒரு சீருக்கு வந்துவிடும். பத்து பீஸும் ஏறக்குறைய ஒரே வினாடி. நம் முன்னிலையில் ஒழுங்கு தானாக வந்துவிடுகிறது பார் என்று நினைத்துக்கொள்வேன். இருபத்திரண்டு வயதில் மனிதன் எதையெல்லாம் நம்புகிறான்.

முதலாளியை எல்லாரும் எம்.டி. என்போம். காங்கேயத்துக்காரர். வீட்டில் காடு கழனி, மாடு, அரிசி மில் எல்லாம் பார்த்துவிட்டுப் பனியனுக்கு வந்தவர். மெதுவாகப் பேசுவார், வாட்ச்மேனைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் இன்னும் ஒரு 'ங்க' கூடும், அவ்வளவுதான். அவருக்கு ஒரே பைத்தியம் கார் பந்தயம். வாலிபத்தில் கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தயம் நடந்தால் இங்கிருந்து பைக்கில் போய்க் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பாராம். தானும் ஓட்டவேண்டும் என்று ஆசைப்பட்டதற்கு வீட்டில் மாட்டுச் சந்தைக்கு அனுப்பிவிட்டார்களாம். அந்த ஆசை உள்ளேயே கிடந்து, ஐம்பது வயதில் ஒரு திட்டமாக வெளியே வந்தது. இளம் ஓட்டுநர் ஒருவரைக் கண்டுபிடிப்பது, கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டியில் ஆரம்பித்துப் படிப்படியாகப் பெரிய பந்தயம் வரைக்கும் கம்பெனி செலவில் வளர்த்துவிடுவது.

நல்ல திட்டம்தான், இன்றைக்கும் சொல்வேன். வீட்டில் பணம் வைத்திருக்கிற பிள்ளை மட்டும்தான் வண்டி ஓட்டிப் பார்க்க முடியும் என்று இருக்கிற விளையாட்டு அது. யாராவது கை கொடுத்துத் தூக்கிவிட்டால்தான் மற்ற பிள்ளைகளுக்கு வழி. ஆனால் எங்கள் ஊரின் குணம் ஒன்று இருக்கிறது. எதை ஆரம்பித்தாலும் முதலில் அதற்குப் பனியன் அடித்துவிடுவோம். திட்டத்தை அறிவித்த மறுவாரமே ஆறு நிறத்தில் டீ-ஷர்ட், தொப்பி, குளிருக்குக் கழுத்துமூடி எல்லாம் தயார். முதுகில் 'இளம் ஓட்டுநர்' என்று அச்சு. ஓட்டுநர் இல்லை, வண்டி இல்லை, ஹெல்மெட் இல்லை. பிள்ளை பிறப்பதற்கு முன்பே பேர்சூட்டு விழா முடிந்துவிட்டது.

அப்புறம்தான் இரண்டு பழைய கார்ட் வந்தது. பொறுப்பாளர் யார் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். எம்.டி. சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்மகிட்ட வாட்ச் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் யாருங்க இருக்கறாங்க" என்று கேட்டார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

தனலட்சுமியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தனம் என்றுதான் லைனில் கூப்பிடுவார்கள். மூன்றாம் லைனில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து பனியனுக்குப் பக்கத் தையல் போடுகிற டெய்லர். பத்தொன்பது வயது, கணியூர்ப் பக்கம். அப்பா தேங்காய் லோடு அடிக்கிற சின்ன வண்டி ஒன்று வைத்திருந்தார். அதைத் தோப்புக்குள் எடுத்து நிறுத்துவதும் திருப்புவதும் இவள் வேலையாம். வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனி டூர் போவோம் அல்லவா, கோயில், அணைக்கட்டு, சாப்பாடு என்று. அந்த வருஷம் எம்.டி.யின் உத்தரவில் கடைசியாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கார்ட் ஓட்டும் இடத்தையும் சேர்த்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று சுற்று. மற்றவர்கள் எல்லாம் அலறிக்கொண்டும் டயர் அடுக்கில் முட்டிக்கொண்டும் ஓட்டினார்கள். நானும் முட்டினேன், அதை விடுங்கள். தனம் ஏறி உட்கார்ந்து சத்தமே இல்லாமல் ஓட்டிவிட்டு இறங்கினாள். அங்கே வேலை செய்கிறவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

எப்படி இப்படித் திருப்புகிறாய் என்று பஸ்ஸில் கேட்டேன். "தோப்புல மரத்துக்கு மரம் ஒடிச்சுத் திருப்போணுமுங்க சார். இங்க மரமே இல்லீங்களே" என்றாள்.

எம்.டி. அதைப் பார்த்திருந்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் மனதில் ஏற்கெனவே ஒரு பையன் இருந்தான், அவருடைய மச்சான் மகன் கௌதம். காலேஜ் முதல் வருஷம், ஓரளவு கார்ட் ஓட்டிப் பழகினவன், நல்ல பையன். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் கிடையாது, அதுதான் இன்னும் எரிச்சல். "ஒருத்தருக்குத்தானுங்க நம்மளால செய்ய முடியும். ரெண்டு பேரையும் ஓட்டச்சொல்லி வாட்ச்ல பாருங்க தம்பி. என்ற மச்சான் பையன்னு பார்க்காதீங்க. வாட்ச் என்ன சொல்லுதோ அதுதான்" என்றார். மனிதர் மனசாரத்தான் சொன்னார்.

டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்த பெட்ரோல் எரிந்தால் ஒரு இனிப்பான நாற்றம் வரும், தெரியுமா? பழைய ஸ்கூட்டர் காலத்து ஆட்களுக்குத் தெரியும். இப்போது எங்கேயாவது கொசு மருந்து அடிக்கிற மிஷின் ஓடினால் அந்த வாசனை லேசாக வருகிறது, உடனே எனக்கு அந்தத் தேர்வு நாள் வந்துவிடுகிறது. காலை ஏழு மணிக்கே, டூரில் பார்த்த இடம் இல்லை, வேறொரு ஓடுதளத்துக்குப் போய்விட்டோம். நியாயமாக இருக்கவேண்டும் என்று நான் எடுத்துக்கொண்ட சிரத்தை கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு பேருக்கும் ஒரே வண்டி, ஒரே டயர், அளந்து ஊற்றிய பெட்ரோல். ஐந்து சுற்றுப் பழகிக்கொள்ள, பத்துச் சுற்றுக் கணக்குக்கு. வழக்கம்போல அட்டையும் பென்சிலுமாக ஓரத்தில் நின்றுகொண்டேன்.

கௌதம் முதலில் ஓட்டினான். ஒரு சுற்று அறுபத்து மூன்று வினாடி, அடுத்தது அறுபது, அடுத்ததில் வண்டி சுழன்று புல்லில் போய் நின்றது, மறுபடி வந்து ஐம்பத்தெட்டு, பிறகு அறுபத்திரண்டு. ஏற்றமும் இறக்கமுமாக இருந்தது, ஆனால் அந்த ஐம்பத்தெட்டை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தேன். முடித்துவிட்டு, காலேஜுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டான்.

அப்புறம் தனம். முதல் சுற்று அறுபத்தொன்று. இரண்டாவது அறுபத்தொன்று. மூன்றாவதும். பத்துச் சுற்றும் எழுதி முடித்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று அரை வினாடிகூட வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு முறை என்னைக் கடக்கும்போதும் ஹெல்மெட் லேசாக என் கைப்பக்கம் திரும்பியதைக் கவனித்தேன். கவனித்து என்ன பயன். 'கௌதம்: சிறந்த சுற்று 58. ஃபார்ம் ஏறுமுகம்' என்று எழுதினேன். 'தனலட்சுமி: முன்னேற்றம் இல்லை' என்று எழுதினேன். என் எழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

இன்றைக்கு நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பயிற்சியே இல்லாத ஒரு பெண், புதுத் தளத்தில், பத்துச் சுற்றை அரை வினாடிக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறாள். பந்தயம் தெரிந்த யாரிடமாவது அந்தத் தாளைக் காட்டியிருந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். வேகமாகப் போகப் பல பேரால் முடியும். நினைத்த அளவில் வேகத்தை நிறுத்திவைக்க எத்தனை பேரால் முடியும்? அதைக்கூட யோசிக்காமல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து வண்டியை ஏற்ற வேண்டும். எங்கள் கம்பெனி டெம்போ அது, மறுநாள் துணி ரோல் ஏற்றுகிற வண்டி. பெட்ரோல் சிந்தித் துணியில் வாசம் ஏறினால் வெளிநாட்டுக்காரன் அத்தனையையும் திருப்பியடிப்பான். அதனால் டேங்க்கில் சொட்டு இல்லாமல் காலி செய்துதான் கார்ட்டை ஏற்றுவோம். தளத்து மெக்கானிக், "ஏங் கண்ணு, உறிஞ்சி எடுக்கறதுக்குப் பதிலா நீயே ரெண்டு சுத்து ஓட்டித் தீத்துருவியா" என்று தனத்திடம் கேட்டார். சரியென்று ஏறினாள். நான் வாட்சைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

சத்தம்தான் முதலில் மாறியது. காலையிலிருந்து கேட்ட எஞ்சின் சத்தம் இல்லை அது, வளைவுக்கு வளைவு விட்டுவிடாமல் இழுத்துப் பிடித்த சத்தம். நிமிர்ந்து பார்த்தால் வண்டி தூரத்து வளைவில் இருந்தது, தாளைக் கீழே வைப்பதற்குள் எங்கள் முன்னால் போய்விட்டது. தளம் முழுக்க அவளுக்குத் தோப்பு மாதிரி ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். மூன்று சுற்றோ நான்கோ, பெட்ரோல் தீர்ந்து வண்டி விக்கி நிற்கிறவரை. வாட்சை எடுக்கப் பையில் கைவிட எனக்குத் தோன்றவில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றேன். மெக்கானிக் என்னைப் பார்த்து, "இந்தப் புள்ள இத்தன நேரம் யாருக்குப் பயந்துட்டுங்க ஓட்டுச்சு" என்றார்.

வெளியே டீக்கடையில் வைத்துக் கேட்டேன். ஏன் இப்படிச் செய்தாய், இதைத் தேர்வில் ஓட்டியிருந்தால் கௌதம் எங்கேயோ நின்றிருப்பானே என்று.

"சார், நீங்க வாட்சப் புடிச்சுட்டுப் பின்னால வந்து நின்னா, நாங்க ஃபுல்லா ஓட்டமாட்டமுங்க. ஒரு நாளைக்கு வேகமாத் தெச்சுக் காட்டிட்டா, அப்பறம் நெதமும் அதுதான டார்கெட்டு. ஒடம்பு முடியாத நாளைக்கும் அதுதான. அதனால வாட்ச்சு முன்னால கொஞ்சம் புடிச்சுத்தான் தெப்போம். லைன்ல சேர்ந்த மொத வாரமே அக்காங்க சொல்லிக் குடுத்துருவாங்க."

என் முன்னிலையில் தானாக வருகிறது என்று நான் மார்தட்டிக்கொண்ட ஒழுங்கு அதுதான்.

"வண்டியும் அப்படித்தான்னு நெனச்சனுங்க சார். இன்னைக்கே ஓடி அம்பத்தஞ்சுல வந்துட்டா, அடுத்த வாரம் அம்பத்திமூணு கேப்பீங்க. வரலீன்னா தூக்கீருவீங்க. அளவா ஓட்டி, மெதுவா மெதுவாக் கூட்டிக்கலாம்னு பார்த்தன். ஒருத்தரத்தான் எடுப்பாங்கன்னாலும், தப்பில்லாம ஓட்டுனா எடுப்பாங்கன்னுதான் நெனச்சன்."

முட்டாள்தனம் என்று சொல்ல வாயெடுத்தேன். பத்துப் பந்தயக்காரர்களில் ஒருவர்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டார். ஆனால் ஒரு லைன் டெய்லருக்கு இதைவிட இயல்பான காரியம் வேறு இல்லை.

நாளைக்கே எம்.டி.யிடம் சொல்கிறேன், மறுபடி ஒரு தேர்வு வைத்துவிடலாம் என்றேன். "என்னன்னு சொல்லுவீங்க?" என்றாள். நீ பிடித்துப் பிடித்து ஓட்டினாய் என்று சொல்வேன் என்றேன். "ஏன்னு கேப்பாருங்களே சார்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன் என்று சொன்னால் லைனில் நடப்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன மறுநாள் போர்டில் எல்லாருடைய டார்கெட்டும் ஏறிவிடும். "எம் பக்கத்து மிஷின் பழனியம்மாக்காவுக்கு முட்டி வலிங்க. வேகமாப் பெடல் மிதிக்க முடியறதில்ல. இந்த அளவுல இருக்கறதாலதான் அந்தக்கா ஓட்டீட்டு இருக்குது. சொல்லீராதீங்க சார்" என்றாள். அவளுக்கு ஓட்டவேண்டும் என்று எவ்வளவு ஆசை என்பது அந்த நாலு சுற்றில் தெரிந்துவிட்டது. இருந்தும் இரண்டாவது யோசனையே இல்லாமல் சொன்னாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பொய் சொல்லிக் காரியத்தை முடிக்கலாம் என்று போனேன். தனம் ஓட்டும்போது கார்புரேட்டரில் கோளாறு இருந்தது போலத் தெரிகிறது, மறுபடி ஒரு முறை ஓட்டச் சொல்லலாமா என்று எம்.டி.யிடம் கேட்டேன். அவர் என் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். 'ஒரே வண்டி, ஒரே டயர், ஒரே பெட்ரோல்' என்று நானே இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தேன். "தம்பி, நல்லாப் பார்த்துத்தானுங்க எழுதியிருக்கறீங்க. அந்தப் பொண்ணு மேல எரக்கப்பட்டு இப்படிப் பேசறீங்களாட்ட இருக்குதுங்க" என்றார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் கையெழுத்தால் கெட்டேன். வெளியே வந்துவிட்டேன். இன்னும் நாலு வழி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

கௌதமுக்கு டீ-ஷர்ட் போட்டுப் படம் எடுத்தார்கள். முதல் பந்தயத்தில் பின்வரிசையில் முடித்தான். இரண்டாவதில் மழை, வண்டி சுழன்று நின்றுவிட்டது. எம்.டி. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அன்னைக்கு அம்பத்தெட்டு வந்தீங்களே கண்ணு. இப்ப ஏனுங்க வரமாட்டீங்குது" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பாவம், அவன் என்ன சொல்வான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை காட்டிய வேகம் அவன் கழுத்தில் டார்கெட்டாகத் தொங்கியது. தனம் போட்ட கணக்கு அப்படியே நடந்தது, ஆள்தான் மாறிப்போனது.

உண்மையில் அவன் தேறிக்கொண்டிருந்தான். இரண்டாவது பந்தயத்துக்குப் பிறகு நடந்த பயிற்சியில் தடுமாற்றம் குறைந்திருந்தது. என் தாளில் இருந்தது, காட்டினேன். "ரெண்டு ரேஸ் பார்த்தாச்சுங்க. ஃபார்ம் இல்லீங்க. இனி போட்டு என்னாகப் போகுதுங்க" என்றார் எம்.டி. எத்தனை 'ங்க' என்று எண்ணிப் பாருங்கள், கோபம் தெரியும். நூறு பெட்டியில் நாலைப் பிரித்துப் பார்த்து மொத்தத்தையும் தள்ளிவிடுகிற பையரிடம், வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவரிடம், இருபது வருஷம் பழகியவர். ஆனால் பையர் தள்ளிய சரக்கைக்கூட நாம் பிரித்துத் திருத்தி மறுபடி வைக்கிறோமே என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

இன்னொன்று சொல்கிறேன். பனியன் துணி ரோலாக வந்தவுடன் யாரும் வெட்டமாட்டார்கள். பிரித்து மேஜைமேல் தளர்வாகப் போட்டு ஒரு நாள் விட்டுவிட வேண்டும். இழுபட்டு வந்த துணி தன் அளவுக்குத் திரும்பவேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் ஒரே தண்ணியில் சட்டை சுருங்கி வயிற்றுக்கு மேலே ஏறிவிடும். இதை மறந்த கட்டிங் மாஸ்டர் ஒருவரை எங்கள் எம்.டி. வேலையைவிட்டே அனுப்பியிருக்கிறார். துணிக்கு ஒரு நாள் கொடுக்கத் தெரிந்த அதே மனிதர் ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு ஒரு சீசன் கொடுக்கவில்லை. பிள்ளைகளை வளர்க்கிற திட்டம் என்று பெயர் வைக்கிறார்கள், வளர்வதற்கு நேரம் மட்டும் தரமாட்டேன் என்கிறார்கள். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர என்ன செய்வது.

திட்டம் அதோடு முடிந்தது. கார்ட் இரண்டையும் யாரோ வாங்கிப்போனார்கள். மீந்த டீ-ஷர்ட்டை அந்த ஆயுத பூஜைக்கு எல்லாருக்கும் பொரியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் மூன்றாம் லைனில் முப்பது பேர் முதுகில் 'இளம் ஓட்டுநர்' என்று போட்டுக்கொண்டு தைத்தார்கள். தனமும் போட்டுக்கொண்டு வந்தாள். நான் அந்த வாரம் வேறு லைனில் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஓடுதளம் இப்போது கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்துமிடம். கௌதம் வெளிநாட்டில் ஏதோ கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான், பந்தயம் பார்ப்பதுகூடக் கிடையாது என்று கேள்வி. எம்.டி. ஓய்வில் காங்கேயத்தில் மாடு பார்த்துக்கொண்டிருக்கிறார். கம்பெனியைப் பார்ப்பது மகன். நான் அங்கேயேதான் இருக்கிறேன், மேனேஜர் என்று கதவில் எழுதியிருக்கிறது. லைனில் பாதிப்பேர் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள். தனம் மூன்றாம் லைனுக்கு சூப்பர்வைசர். பழனியம்மாள் அக்கா முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு அதே ஓவர்லாக் மிஷினில் இருந்தார், போன தை மாதம் வரைக்கும்.

தையில்தான் மிஷினுக்கு மிஷின் ஒரு சின்னத் திரை வைத்தோம். ஊசி ஒவ்வொரு முறை ஓடுவதையும் அது தானே எண்ணிக்கொள்ளும். பின்னால் யாரும் போய் நிற்கவேண்டியதில்லை. யார் எப்போது பிடித்துத் தைத்தார்கள், எப்போது முழுசாக ஓட்டினார்கள், எல்லாம் அதற்குத் தெரியும். சின்ன முதலாளி கேட்டார், எந்தக் கருவி நல்லது என்று பார்த்துப் பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இரண்டே வாரத்தில் எல்லாருடைய நிஜமான வேகமும் அவர் மேஜைக்குப் போய்விட்டது. மூன்றாவது வாரம் டார்கெட் ஏறியது. அந்த மாதக் கடைசியில் பழனியம்மாள் அக்கா முடியவில்லை என்று நின்றுவிட்டார்.

அன்றைக்கு மூன்றாம் லைனுக்குப் போயிருந்தேன். அக்காவின் மிஷின் காலியாக இருந்தது, திரையில் பூஜ்யம் மினுக்கிக்கொண்டிருந்தது. தனம் அதன்முன் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஒதுங்கி வழிவிட்டாள்.

"இதுக்கு அன்னைக்கே உங்களச் சொல்ல உட்டுட்டு, நான் ஓட்டியிருக்கலாமுங்க சார்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சொல்லிவிட்டு, மிஷினை மூடி வைக்க உறை எடுத்துவரப் போனாள்.